அவர் விரல் வைத்த இடம்

நெதர்லாந்தில் ஆய்வு மாணவியாக இருந்த இரண்டு ஆண்டுகளில் என் நேரத்தில் பாதி வண்ணம் தீட்டுவதில்தான் கழிந்தது. கணினித் திரையில் ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதி, குறுக்குவாட்டில் சீவி அடுக்கிய சி.டி. ஸ்கேன் படங்களாக, 5 மில்லிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் நிற்கும். ஒவ்வொரு படத்திலும் கொழுப்புக்கு மஞ்சள், தசைக்குச் சிவப்பு, எலும்புக்கு வெள்ளை, சிறுநீர்ப்பைக்கு நீலம், கட்டிக்குப் பச்சை என்று தீட்ட வேண்டும். கொழுப்பையும் எலும்பையும் மென்பொருளே பெரும்பாலும் பிரித்துவிடும். ஸ்கேனின் அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி இருக்கும், கெட்டி எலும்பு பல நூறுக்குப் போய்விடும். எண்ணைப் பார்த்தே இன்னது என்று சொல்லலாம். ஆனால் கட்டிக்கும் அதைச் சுற்றியுள்ள கருப்பைத் தசைக்கும் அந்த எண்ணில் வேறுபாடு தெரியாது. அந்த எல்லையை மருத்துவர் வரைந்து கொடுப்பார். நான் அந்தக் கோட்டின் மேலேயே, கை நடுங்காமல், பச்சையை நிரப்பிக்கொண்டு போவேன்.

ஒரு முழு உடலுக்கு, அதாவது இடுப்புக்கு மேலும் கீழும் கொஞ்சம் சேர்த்து, எனக்கு ஒன்றரை நாள் ஆகும். முடித்த பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் எண்களைக் கொடுக்க வேண்டும். மின்சாரம் அதில் எவ்வளவு எளிதாக ஓடும், மின்புலத்தை அது எப்படி வாங்கிக்கொள்ளும், அடர்த்தி என்ன, வெப்பம் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு கடத்தும், நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் அதன் வழியே போகும். மின் பண்புகளுக்கு 1996-இல் கமீலியா கேப்ரியலும் அவருடைய குழுவினரும் அளந்து வெளியிட்ட அட்டவணைகளைத்தான் உலகம் முழுவதும் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். வண்ணம் தீட்டிய படம் அப்போதுதான் கணினிக்கு உடலாகிறது. அந்தக் கணினி உடலைத்தான் 'மாதிரி' என்கிறோம்.

எதற்காக இதெல்லாம் என்று சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க் கட்டியை 40 முதல் 44 டிகிரி வரை, ஒரு மணி நேரம் போல, சூடாக்கி வைத்திருப்பது ஒரு சிகிச்சை. கல்லீரல் கட்டிகளில் ஊசியைச் செருகி 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் வேகவைக்கும் முறை வேறு. இது மென்சூடு. தனியாகக் கொடுத்தால் பெரிய பயன் இல்லை; கதிர்வீச்சோடும் கீமோதெரபியோடும் சேர்ந்தால்தான் இதன் வேலை தெரியும். கதிர்வீச்சு செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது, செல் அதை ஒட்டவைத்துக்கொள்ளப் பார்க்கிறது, அந்த ஒட்டும் வேலையைச் சூடு கெடுக்கிறது. பழுதுபார்க்கும் புரதங்களில் ஒன்றான பி.ஆர்.சி.ஏ.-2 என்பது 41, 42 டிகிரியிலேயே சிதைந்துபோகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள்.

என் அத்தைக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது நான் கல்லூரியில் படிக்கும்போது. எங்கள் ஊரில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அத்தைக்கு 25 நாள் கரண்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். நான் நெதர்லாந்துக்குப் போன பிறகு ஒருநாள் போனில், "அங்கே என்னம்மா படிக்கிறாய்?" என்று கேட்டார். கரண்ட் வைக்கும்போது கூடவே கட்டியைச் சூடாக்கும் முறையைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன். "ஒத்தடமா?" என்றார். "ஒத்தடம்தான் அத்தை. ஆனால் வெளியே துணி வைத்தால் உள்ளே எட்டாது. உள்ளே மட்டும் சூடாக வேண்டும், வெளியே சுடக்கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எப்படி முடியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை கணக்கும்.

வானொலி அலையால் முடியும். நான் பார்த்த கருவி, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள, ஊடுருவிப் பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் உருளை. உள்சுவரில் 8 ஆன்டெனாக்கள், இரண்டிரண்டாக நான்கு ஜோடிகள். நோயாளி துணித் தொட்டிலில் படுத்திருப்பார். இடுப்பைச் சுற்றி உருளை. உருளைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தண்ணீர்ப் பை நிரப்பும். அந்தத் தண்ணீர் தோலைக் குளிர்வாக வைத்திருக்கும், அலை உடலுக்குள் நுழைய வழியும் செய்துகொடுக்கும். அலையின் அதிர்வெண் 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ். நம் எப்.எம். வானொலி ஒலிபரப்பாகும் 88-108 இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால் அறையையே உலோகத் தகடு வைத்து மூடிக் கட்டியிருப்பார்கள். கதவைச் சாத்தினால் கைப்பேசியில் சிக்னல் போய்விடும்.

தேர் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நூறு பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரு குரலுக்கு எல்லோரும் ஒன்றாக இழுத்தால் கிளம்பிவிடும். ஆன்டெனாக்களுக்கும் அந்தக் 'குரல்' உண்டு. அதைக் கட்டம் என்கிறோம். எட்டு அலைகளும் கட்டியை அடையும்போது ஒரே நொடித்துளியில் உச்சம் தொட்டால் அங்கே மின்புலம் எட்டு மடங்காகும். வெப்பம் மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 64 மடங்கு. மற்ற இடங்களில் ஒன்றையொன்று பாதி கெடுத்துக்கொள்ளும். தோலை விட உள்ளே சூடு கூடும் அதிசயம் இதுதான். தசைக்குள் இந்த அலையின் நீளம் 30 சென்டிமீட்டரைச் சுற்றி இருப்பதால், குவியும் இடத்தைத் தேங்காய் அளவுக்குக் கீழே சுருக்க முடியாது. அதிர்வெண்ணைக் கூட்டினால் சுருங்கும், ஆனால் ஆழம் போகாது. கழுத்து, தலைப் பகுதிக் கட்டிகளுக்கு ராட்டர்டாமில் 434 மெகாஹெர்ட்ஸ் வைத்துக் கழுத்துப்பட்டை போன்ற கருவி செய்தார்கள். கழுத்துக்கு அந்த ஆழம் போதும், இடுப்புக்குப் போதாது.

எந்த ஜோடிக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு காலதாமதம் என்று முடிவெடுக்கத்தான் கணினி. உடலை ஐந்து மில்லிமீட்டர், இரண்டரை மில்லிமீட்டர் பெட்டிகளாக நறுக்கி, மின்காந்த அலைகளுக்கான மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை ஒவ்வொரு பெட்டியிலும் காலத் துளியாகத் தீர்த்துக்கொண்டு போவது ஒரு வழி. 1966-இல் கேன் யீ சொன்ன முறை அது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஒவ்வொரு ஜோடியையும் தனியாக ஓடவிட்டு நான்கு விடைகளைச் சேமித்துக்கொண்டால் போதும். அலைகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், அதன் பிறகு எந்தச் சக்தி, எந்தக் கட்டம் என்று கேட்டாலும் அந்த நான்கையும் கூட்டினால் விடை நொடியில் வந்துவிடும். இரவெல்லாம் ஓடும் கணக்கு நான்கு முறைதான். கட்டிக்குப் போகும் சக்தியை மற்ற உடலுக்குப் போகும் சக்தியால் வகுத்து, அந்த விகிதம் எப்போது மிக அதிகம் என்று கேட்டால் அது கல்லூரியில் படித்த ஐகன் மதிப்புக் கணக்காகிவிடுகிறது. முதல் தடவை அதை ஓடவிட்டுத் திரையில் பச்சைக் கட்டியின் மேல் செம்மை வந்து உட்கார்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டும்போது சிலிர்க்கிறது.

அந்தச் செம்மை, சக்தி எங்கே விழுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வெப்பநிலை வேறு. இரண்டுக்கும் நடுவே இரத்தம் ஓடுகிறது.

1948-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி பென்னஸ் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓய்வாகப் படுத்திருப்பவர்களின் முன்கையில் ஒருபக்கமிருந்து மறுபக்கத்துக்கு மெல்லிய வெப்ப உணரிக் கம்பியைச் செலுத்தி, தோலிலிருந்து நடு வரை வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று அளந்திருந்தார். அந்த அளவுகளுக்குப் பொருத்தமாக ஒரு சமன்பாடும் எழுதினார். சாதாரண வெப்பக் கடத்தல் சமன்பாடுதான். அதில் ஓர் உறுப்பை மட்டும் கூட்டினார். தமனி இரத்தத்துக்கும் திசுவுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை இரத்த ஓட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது. இரத்தம் எல்லாத் திசையிலும் சமமாக ஊறுகிறது, 37 டிகிரியில் வந்து, திசுவின் சூட்டை முழுக்க வாங்கிக்கொண்டு போய்விடுகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. முன்கையை அளப்பதற்காக எழுதிய அந்த ஒரு வரியை வைத்துத்தான் இன்றைக்கும் இடுப்பு, மார்பகம், கழுத்து, மூளை எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறோம்.

அந்த எடுகோளில் ஓட்டை உண்டு. தந்துகிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே, அதைவிடச் சற்றுப் பெரிய குழாய்களிலேயே இரத்தம் சூட்டைப் பெரும்பாலும் வாங்கிவிடுகிறது என்று 1980-களில் வெயின்பாமும் ஜிஜியும் காட்டினார்கள். பெரிய தமனிகளோ நேர்மாறு. அவை திசுவுக்குள் நீண்ட தூரம் போனாலும் குளிர்ச்சி மாறாமல், பக்கத்தில் உள்ளதையெல்லாம் குளிரவைத்துக்கொண்டே போகும். வெந்நீர் அண்டாவின் நடுவே குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஒன்று ஓடுவதுபோல. கட்டியின் ஓரத்தில் அப்படியொரு தமனி இருந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்களுக்குச் சூடு ஏறவே ஏறாது. நெதர்லாந்தில் யான் லாகெண்டைக் 1982-லேயே இதைக் கணக்கிட்டு எச்சரித்தார். அதன் பிறகு உட்ரெக்டில், குழாய்களை ஒவ்வொன்றாக மாதிரிக்குள் வைக்கும் முறையும் வந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தக் குழாய்களை ஸ்கேனில் தேடி எடுப்பது பெரும்பாடு. அன்றாடம் பென்னஸின் சமன்பாடுதான் கைகொடுக்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த ஓட்டைகூட இல்லை. இரத்த ஓட்டம் எவ்வளவு என்ற ஒரே ஓர் எண். கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன், தாளும் பென்சிலும் போதும். ஓய்வாக இருக்கும் தசையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 4 மில்லிலிட்டர் இரத்தம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ இரத்தத்தை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 3,600 ஜூல் வேண்டும். பெருக்கிப் பார்த்தால், ஒரு கிலோ தசையில் ஒவ்வொரு டிகிரிக்கும் இரத்தம் 2.4 வாட் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. கிலோவுக்கு 12 வாட் கொடுத்தால், கடத்தலை ஒதுக்கிவைத்துப் பார்க்கும்போது, 5 டிகிரி ஏறும்: 37 என்பது 42 ஆகும். இரத்த ஓட்டம் 4-க்குப் பதில் 8 என்றால் ஏற்றம் இரண்டரை டிகிரிதான், 39.5-இல் நின்றுவிடும்.

இரண்டரை டிகிரிதானே என்று தோன்றும். பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும், பதம் தாண்டுவதற்கு இரண்டரை டிகிரி எவ்வளவு பெரியது என்று. இந்தச் சிகிச்சையில் சூட்டின் அளவை 43 டிகிரியில் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். 1984-இல் சப்பரேட்டோவும் டூயியும் வகுத்த முறை. 43-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் பயன் நான்கில் ஒன்றாகக் குறையும். 42 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 43-இல் 15 நிமிடத்துக்குச் சமம். 41-இல் ஒரு மணி நேரம் நாலு நிமிடத்துக்கும் குறைவு. 39.5-இல் ஒரு மணி நேரம் அரை நிமிடம்கூட இல்லை. இரத்த ஓட்டத்தில் இருமடங்கு தவறினால் 15 நிமிடம் அரை நிமிடமாகிறது. அந்த இருமடங்குத் தவறு அரிதும் இல்லை. சூடு ஏற ஏறத் தசை தன் குழாய்களை விரித்து இரத்தத்தைப் பல மடங்கு வரவழைக்கும். கட்டிக்குள் உள்ள குழாய்கள் கோணல்மாணலானவை, அவற்றால் அப்படி விரிய முடிவதில்லை. சிகிச்சை பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம், கட்டி தன் சூட்டைத் தள்ளிவிடத் தெரியாமல் தவிக்கிறது. ஆனால் எத்தனை மடங்கு, எந்த நிமிடத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதே ஆளுக்கு அடுத்த வாரம் மாறும். எந்த அட்டவணையிலும் அந்த எண் கிடையாது.

இதையெல்லாம் நான் காகிதத்தில் அறிந்திருந்தேன். ஒரு மார்ச் மாதக் காலையில்தான் உண்மையில் தெரிந்துகொண்டேன்.

அன்று சிகிச்சைக்கு வந்தவர் எழுபதை நெருங்கிய பெண்மணி. அவருடைய உடலை நான்தான் தீட்டியிருந்தேன். நேரில் அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்று வாரமாக அவருடைய எலும்புகளை அறிந்திருந்த எனக்கு அவருடைய முகம் புதிது. அது ஒரு மாதிரி கூச்சமாகவே இருந்தது. மெல்லிய குழாய்களை உடலின் இயற்கைத் துவாரங்கள் வழியே செலுத்தி, அவற்றுக்குள் வெப்பமானிகளை வைத்தார்கள். தண்ணீர்ப் பை நிரம்பியது. சக்தியை ஏற்றினார்கள். என் திட்டப்படி சுடக்கூடிய இடம் வலப்பக்கம் பின்புறம். எனவே எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

இருபதாவது நிமிடத்தில் அவர், "இடது பக்கம் அழுத்துகிறது" என்றார்.

கருவியை இயக்கியவர் அனுபவசாலி. சுடுகிறதா என்று கேட்கவில்லை. "எலும்புக்கு மேலா, கீழா?" என்று கேட்டார். பின்னர் எனக்கு விளக்கினார். சூட்டை உணரும் நரம்பு முனைகள் தோலில்தான் அதிகம். ஆழத்தில் தசை அளவுக்கு மீறிச் சூடானால் உடம்புக்கு அதைச் சூடு என்று சொல்லத் தெரியாது; அழுத்தம், கனம், ஒரு மந்தமான வலி என்று சொல்லும். நோயாளி 'அழுத்துகிறது' என்றால் வெப்பமானி எட்டாத இடத்தில் 44, 45 டிகிரி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் மாதிரியைக் கேட்டோம். இடப்பக்கம் எதுவும் இல்லை என்றது. மாதிரி சொன்னபடி கட்டத்தை மாற்றிப் பார்த்தார்கள், அழுத்தம் குறையவில்லை. கடைசியில் சக்தியையே குறைக்க வேண்டியதாயிற்று. கட்டியை ஒட்டி இருந்த வெப்பமானி 40.6-ஐத் தாண்டவில்லை. முடிந்து, தண்ணீரை வடித்து, பையை விலக்கிய பிறகு செவிலியர் அவரிடம் எங்கே வலித்தது என்று கேட்டார். அவர் வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து, இடது தொடை இடுக்குக்குச் சற்று மேலே, இடுப்பெலும்பின் முன்விளிம்பில் ஒரு விரலை வைத்தார். "இங்கே. இதற்கு நேர் உள்ளே." நகத்தில் வெளிர் ரோஜா நிறச் சாயம் பூசியிருந்தார். என்னைப் பார்த்து, "நீங்கள்தான் கணக்குப் போடுகிறவரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படியானால் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று விரலை எடுக்காமல் வைத்திருந்தார். நான் அளவுநாடாவால் தொப்புளிலிருந்தும் இடுப்பெலும்பு முனையிலிருந்தும் அளந்து எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை அந்தப் புள்ளியை என் படங்களில் தேடினேன். முதலில் படுத்திருந்த நிலையைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்த நாளைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கீழே, லேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறார். மாதிரியை அப்படியே நகர்த்தி ஓடவிட்டதும் செம்மை இடப்பக்கம் வந்தது. ஆனால் அவர் காட்டிய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. இரண்டு நாள் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. அந்த எலும்பின் விளிம்பில், நான்கு படங்களில், தசைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கொழுப்பு அடுக்கு. நான் அதைச் சிவப்பாகத் தீட்டியிருந்தேன். மின்சாரத்துக்குத் தசை நல்ல பாதை, கொழுப்பு மிக மோசமான பாதை. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மின்புலம் குறுக்கே வெட்டினால் அங்கே சூடு குவியும். ஆன்டெனாக்களை உடலின் நீளவாக்கில் நிறுத்துவதே கொழுப்பு அடுக்குக்கு இணையாக மின்புலம் ஓடட்டும் என்பதற்குத்தான். எலும்பு வளைகிற அந்த மூலையில் மட்டும் அந்த ஏற்பாடு குலைகிறது. நான்கு படங்களிலும் மஞ்சளைத் தீட்டி இரவு ஓடவிட்டேன். காலையில் செம்மை, அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது.

லட்சக்கணக்கான பெட்டிகள் கொண்ட மாதிரி அது. அதில் நான் செய்த தவறை ஒரு பாட்டியின் விரல் கண்டுபிடித்துக் கொடுத்தது. அவருடைய விரலை நான் ஓர் அளவீடாகத்தான் நினைக்கிறேன். வெப்பமானி வைக்க முடியாத இடத்தில் வைத்த வெப்பமானி.

அடுத்த வாரம் அவர் அதே தொட்டிலில் படுத்தபோது, திட்டம் இடப்பக்க ஜோடியின் கட்டத்தை மாற்றச் சொன்னது: அந்த மூலையில் விழும் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறையும், கட்டி கொஞ்சம்தான் இழக்கும் என்றது. அழுத்தம் வந்தது, ஆனால் தாங்கும்படி இருந்தது. சக்தியை ஏற்ற முடிந்தது. வெப்பமானி 41.4 காட்டியது. முக்கால் டிகிரிக்குச் சற்றுக் கூடுதல். 43 டிகிரிக் கணக்கில், அந்த ஒரு மணி நேரத்தின் பயன் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அன்று முதல் மாதிரியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. கட்டியில் எத்தனை டிகிரி வரும் என்று கேட்டால் அது ஒரு விடை தரும், அந்த விடையை நம்ப முடியாது; இரத்தம் அதன் கையில் இல்லை. இந்தத் திருகைத் திருப்பினால் அந்த இடம் குளிருமா, கட்டி எவ்வளவு இழக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது இரத்த ஓட்டத்தின் தவறு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றுக்கொன்று கழிந்துபோகிறது. இந்தத் துறையில் நெடுங்காலம் இருப்பவர்கள் இதை அறிந்தே செயல்படுகிறார்கள். ராட்டர்டாமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சிகிச்சை நடக்கும்போதே நோயாளி சொல்லும் இடத்தைத் திரையில் குறித்து, அந்த இடத்தை விலக்கி மறுபடி கணக்கிட்டு, புதிய அமைப்பைக் கொடுக்கும் மென்பொருள்களை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் சொல் அங்கே கணக்கின் உள்ளே போகிறது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் என்பதற்கு என்னிடம் இரண்டு ஆதாரங்கள். அமெரிக்காவில் 1980-களில், மேலாக உள்ள கட்டிகளுக்குக் கதிர்வீச்சோடு சூட்டைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1991-இல் வெளியான முடிவில் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. சின்னக் கட்டிகளில் மட்டும் தெரிந்தது. அன்றைய கருவிகளால் சரியாகச் சூடாக்க முடிந்தது சின்னக் கட்டிகளை மட்டுமே. பெரியவற்றில் சூடு போய்ச் சேரவே இல்லை. ஆனால் 'சூடு பலிக்கவில்லை' என்ற பெயர் மட்டும் நிலைத்தது, அந்த நாட்டில் பலர் இதைக் கைவிட்டார்கள். மற்றது, நெதர்லாந்தில் 1990 முதல் 1996 வரை 358 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு. அதில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய 114 பெண்கள் இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் 27 சதவீதம். வாரம் ஒருமுறை சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம். 2000-இல் லான்செட் இதழில் வெளியானது. அதே காலத்தில் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தைச் சேர்ப்பது உலக வழக்கமாகிவிட்டதால் சூடு பின்னுக்குப் போனது. அந்த ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் முடிவு வழக்கத்தைவிட மோசமாக இருந்தது என்ற குறையும் நியாயமானதே. இருந்தாலும் சிறுநீரகம் பழுதாகி சிஸ்பிளாட்டின் ஏற்க முடியாத பெண்களை நினைக்கும்போது எனக்கு அந்த இரண்டு எண்களும் கண்முன் வருகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் சிறுநீர்க் குழாய் அடைபட்டுச் சிறுநீரகம் கெடுவது நம் ஊரில் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நிலை. அவர்களுக்குக் கதிர்வீச்சோடு சேர்க்க என்ன இருக்கிறது?

சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியல் வடிவமைப்புத் துறையில் நுண்ணலைச் சூட்டுக்கான ஆன்டெனாக்களையும் அவற்றுக்கான திட்டக் கணக்குகளையும் சில ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்தக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். இங்கேயே செய்த கருவி, இங்கே உள்ள உடல்களின் ஸ்கேன், இங்கே எழுதிய மென்பொருள் என்று வந்தால்தான் மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனைக்கு இது என்றாவது எட்டும்.

நான் இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள் இந்தக் கணக்கைத் திட்டப்பணியாக எடுப்பார்கள். பொதுவில் கிடைக்கும் உடல் மாதிரி ஒன்றை இறக்கி, பென்னஸ் சமன்பாட்டைத் தீர்த்து, வண்ணப்படம் போட்டுக்கொண்டு வருவார்கள். சென்ற மாதம் ஒரு மாணவி அப்படி வந்தாள். கட்டியின் நடுவே 42.3 என்று அச்சடித்திருந்தாள்.

"இரத்த ஓட்டத்துக்கு எந்த எண் போட்டாய்?"

"அட்டவணையில் இருந்ததை, மேடம்."

"அதில் பாதியும், அதைப் போல இருமடங்கும் போட்டு இன்னும் இரண்டு முறை ஓடவிட்டுக் கொண்டுவா."

மறுநாள் மூன்று படங்களோடு வந்தாள். மூன்றிலும் கட்டியின் வெப்பநிலை வெவ்வேறு. "எது சரி, மேடம்?" என்றாள், முகம் வாடியிருந்தது. மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மூன்றிலும், இடது இடுப்பெலும்பின் முன்விளிம்பில், ஒரே இடத்தில் ஒரு சிறிய சிவப்புத் திட்டு இருந்தது. அவள் தன் விரலை அதன்மேல் வைத்து, "இது மட்டும் மாறவே இல்லை" என்றாள்.